சேனைத் தண்ணீர்

மாவு பொங்கவில்லை.

ஹெல்மாருக்கு வந்து சேர்ந்த புதிதில் சுடர்க்கொடியைப் படுத்தியது பாடமும் இல்லை, குளிரும் இல்லை, இதுதான். சங்கரன்கோவிலில் அவள் வீட்டு மாவு, சொன்ன பேச்சுக் கேட்காமல் பாத்திரத்தை விட்டு வெளியே வழியும். இங்கே, வடகடல் ஓரத்தில் இருக்கும் இந்தப் பல்கலைக்கழக விடுதியின் பொதுச் சமையலறையில், அதே அரிசி, அதே உளுந்து, அதே அளவு. மறுநாள் மூடியைத் திறந்தால் நேற்று வைத்தது வைத்தபடி கிடக்கிறது.

குடிநீர்ப் பொறியியல் படிக்க வந்தவள் அவள். ஒரு குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் எங்கே அடைப்பு என்று ஒவ்வொரு மூட்டாகத் தட்டிப் பார்க்கும் புத்தி. மாவையும் அப்படியே பார்த்தாள். முதலில் குளிரைச் சந்தேகப்பட்டு, பாத்திரத்தைச் சூடாக்கிக்குப் பக்கத்தில் வைத்தாள். பொங்கவில்லை. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்று கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றினாள். இல்லை. உப்பை மாற்றினாள். வெந்தயம் சேர்த்தாள். கடைசியில் உளுந்துதான் பழசு என்று முடிவுகட்டியபோது, அதே உளுந்தை அதே பையிலிருந்து எடுத்து ஆட்டிய வேலுவின் மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது.

வேலு என்கிற செங்கோட்டுவேலன் திருச்செங்கோட்டுக்காரன். அவளுக்கு ஒரு வருஷம் மூத்தவன், நுண்ணுயிரியல் படிக்கிறான். விடுதியில் தமிழ் பேச அவனை விட்டால் வேறு ஆள் கிடையாது.

"ஏனுங் சுடர், மாவு ஆட்டுனீங்களா, இல்ல செவுத்துக்குச் சுண்ணாம்பு கரைச்சீங்களா?" என்றான், எட்டிப் பார்த்து.

"சிரிக்காதீங்கண்ணே. உங்க மாவுல என்ன போட்டீங்க, உண்மையச் சொல்லுங்க."

"ஒண்ணும் போடலீங்க. ஆட்டுனேன், உப்புப் போட்டேன், இந்தக் கட்டை அகப்பையால ஒரு கலக்குக் கலக்குனேன்."

"கையால கலக்க மாட்டீங்களா?"

"எவன் அப்பறம் கையக் கழுவறது?"

"அதான பாத்தேன். கை படணும்ணே. கைச்சூடு பட்டாத்தான் மாவு எந்திரிக்கும்னு எங்கம்மா சொல்லுவா. நான் நல்லா முழங்கை வரைக்கும் விட்டுக் கலக்குவேன்."

வேலு சிரிப்பதை நிறுத்தினான். அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பார்த்தான்.

"முழுக்குப் போட்ட கையில்லீங்களா?" என்றான்.

முழுக்கு என்பது ஹெல்மாரில் அங்கங்கே படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் வைத்த பெயர். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு பெரிய காய்ச்சல் அந்த நாட்டைப் புரட்டிப் போட்டது. அதற்குப் பிறகு வெளியிலிருந்து படிக்கவோ வேலைக்கோ வருகிறவர்கள் யாரும் நேராக ஊருக்குள் நுழைய முடியாது. துறைமுகத்துக்கு எதிரே ஒரு தீவில் தங்க வைப்பார்கள். கசப்பு மருந்து கொடுத்து வயிற்றை வெளுப்பார்கள். தலைமுதல் கால்வரை ஒரு களிம்பைப் பூசி ஊற வைத்துக் கழுவுவார்கள். எல்லாம் முடிந்த பிறகு மோர் மாதிரி ஒரு பானம் குடிக்கத் தருவார்கள். அதோடு சரி, ஊருக்குள் போகலாம். சுடர்க்கொடிக்கு அது பிடித்துக்கூட இருந்தது. அதன்பிறகு அவளுக்கு ஒரு தும்மல் வந்ததில்லை. வேர்த்தால் நாற்றம் இல்லை.

"ஒண்ணு செய்யலாங்க," என்றான் வேலு. "ஒரே மாவ ரெண்டாப் பிரிப்போம். பாதிய நீங்க கையால கலக்குங்க, பாதிய அகப்பையால."

மறுநாள் மதியம் அகப்பை பட்ட மாவு குமிழ் குமிழாக எழுந்து நின்றது. கை பட்ட மாவு சுண்ணாம்பு.

இத்தனை நாள் தேடிய அடைப்பு தன் மணிக்கட்டுக்குக் கீழேதான் இருந்திருக்கிறது. அவள் முதலில் சிரித்தாள். பிறகு, "ஏன்?" என்று கேட்டாள்.

"உளுந்துலயே சில கிருமிங்க இருக்குதுங்க, நல்லதுக. ஈரமும் சூடும் கிடைச்சாப் பெருகி, காத்த விடும். அந்தக் காத்தை உளுந்தோட பசை புடிச்சு வெச்சுக்கும். அதான் பொங்கறது. நம்ம தோலு, வயிறு எல்லாத்துலயும் அந்த மாதிரி ஒரு ஊரே குடியிருந்துச்சு. அம்மா கிட்ட இருந்து வந்தது, மண்ணுல இருந்து வந்தது. தீவுல அத மொத்தமாக் காலி பண்ணிட்டு, இவங்களே செஞ்ச ஒரு கூட்டத்தக் குடி வெச்சிருக்காங்க. அந்த மோரு இருக்குதல்ல, அதான். இந்தக் கூட்டத்துக்கு ஒரு குணம். பக்கத்துல வேற எவன் வந்தாலும் ஒரு விஷத்தச் சொரந்து கொன்னு போடும். அதனாலதான் நமக்குச் சளி இல்ல, காச்சல் இல்ல."

"உளுந்துல இருக்கிறதும் வேற எவனோதான்."

"அதேதானுங்."

அவளுக்கு அந்த ஏற்பாடு அழகாகத் தோன்றியது. யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். ஆனால் யோசனை அந்த இடத்தில் நிற்காமல் ஊர்ப்பக்கம் போயிற்று. அன்று காலையில்தான் அக்கா கோமதி கூப்பிட்டிருந்தாள். கோமதிக்கு நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. இதற்கு முன் தங்கியதெல்லாம் பாதியில் கலைந்து போன வயிறு, இதுதான் நின்றிருக்கிறது. குளிர்கால விடுமுறைக்குச் சுடர்க்கொடி வரும் நேரமும் பிள்ளை பிறக்கும் நேரமும் ஒன்றாக இருந்ததில் அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"நீதாம்ட்டி சேனை வைக்கணும்," என்று சொல்லியிருந்தாள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகத் தொட்டு வைக்கும் சர்க்கரைத் தண்ணீர்தான் சேனை. யார் விரலால் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்று அவர்கள் பக்கத்தில் நம்பிக்கை. "எம் பிள்ளை என்னைய மாதிரி வீட்டோட கெடக்கக் கூடாது. உன்னைய மாதிரி வரணும். நீ வைக்காம வேற ஆளு வைக்க விடமாட்டேன்."

சுடர்க்கொடி சரி என்று சொல்லியிருந்தாள்.

"அண்ணே, பிறந்த குழந்தையத் தொட்டா என்ன ஆகும்?" என்று இப்போது கேட்டாள்.

வேலு அகப்பையைக் கழுவிக்கொண்டே இருந்தான்.

"பெரியவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. அவங்க வயித்துல ஏற்கெனவே ஆளு நெறைஞ்சு கெடக்குது, நம்ம கிருமி ஒண்ணு ரெண்டு போனாத் தொரத்தீரும். பொறந்த கொழந்த வயிறு காலி வீடு. முதல்ல எவன் நொழையறானோ அவன்தான் ஓனரு."

"நுழைஞ்சா நல்லதுதான? சளி, காச்சல் வராதுல்ல?"

"அங்கதான் இன்னொரு பூட்டு இருக்குது. இந்தக் கூட்டம் நாட்ட விட்டு வெளிய பரவிரக் கூடாதுன்னு, செஞ்சவங்களே வெச்ச பூட்டு. இதுகளுக்குச் சோறு ஒரு தனிச் சர்க்கரை. இனிக்காது, நமக்குச் செரிக்காது. ஆனா அது இல்லீன்னா இதுக பட்டினி. இந்த ஊரு ரொட்டி எல்லாத்துலயும் அதக் கலக்கறாங்க. லீவுக்கு ஊருக்குப் போறவங்களுக்கு அத மாத்திரையாத் தருவாங்க, போற நாளுக்கு மட்டும் எண்ணி. அது நின்னா இதுகளும் செத்துரும்."

"செத்தா விட்டதுன்னு போகுதே."

"சாகறப்பவும் விஷத்தக் கக்கிக்கிட்டேதான் சாகும். வேற எதையும் உள்ள விடாது. பெரிய ஆளு ஒரு மாசம் ரெண்டு மாசம் வயித்தால போயி, இளைச்சு, எந்திரிச்சுக்குவான். பச்சப்புள்ளைக்குப் பாலே செரிக்காது. முதல்ல இதுக புகுந்த வயித்துல பின்னால எப்பவும் வேற எதுவும் ஒட்டாது." அவன் அகப்பையை உதறினான். "வெளிய போனாச் செத்துரணும்னு யோசிச்சாங்க. எங்க இருந்துக்கிட்டுச் சாகும்னு யோசிக்கல."

முழுக்கைக் கழற்றிவிட முடியுமா என்று மறுநாள் சுகாதார அலுவலகத்தில் கேட்டாள். முடியும் என்று அங்கிருந்த பெண் அன்பாகச் சொன்னாள். ஆனால் அது நாட்டை விட்டு ஒரேயடியாகப் போகிறவர்களுக்கு மட்டும். கழற்றிவிட்டுப் போனவர்களை மறுபடி உள்ளே விடுவதில்லை. "யாரும் கேட்பதில்லையே," என்றாள் அந்தப் பெண், ஆச்சரியமாக. "இப்போது நீங்கள் சுத்தமாக இருக்கிறீர்கள் அல்லவா?"

படிப்பு முடிந்ததும் ஊருக்கே திரும்பி, சங்கரன்கோவில் தெருக்குழாயில் தினமும் தண்ணீர் வர வைப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தவள் சுடர்க்கொடி. விசைத்தறியில் நின்று நின்று காது மந்தமாகிப்போன அப்பா, அதைத் தெரு முழுக்கச் சத்தமாகச் சொல்லி வைத்திருந்தார். முதல் பருவத்திலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க அவளால் முடியாது. கோமதியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினாள். காலி வீடு, பூட்டு, சர்க்கரை.

கோமதி முழுக்கக் கேட்டாள்.

"இவ்வளவு சுத்தி வளைக்கணுமாட்டி? எங்களைத் தொட்டா ஒட்டிக்கிடும்னு சொல்லிட்டுப் போயேன்."

"அக்கா, உங்ககிட்ட இருந்து எனக்கு ஒண்ணும் ஒட்டாது. என்கிட்ட இருந்துதான் பிள்ளைக்கு ஒட்டும்."

"அன்னைக்குச் சரின்னு சொன்னவதான நீ? அதுக்குள்ள அப்படி என்ன நஞ்சா ஆயிட்ட?"

"ஆமா," என்றாள் சுடர்க்கொடி.

விடுமுறைக்குப் போனாள். போகாமலே இருந்திருக்கலாம் என்று பின்னால் பலதடவை நினைத்தாள், அப்போது தோன்றவில்லை. எண்ணிக் கொடுத்த மாத்திரைகள், கைக்கு ரப்பர் உறை, முகத்துக்குத் துணி, தனக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர். வீட்டுக்குள் நுழைந்ததும் அவற்றை அலமாரியின் ஓரத்தில் தனியாக வைத்தாள். அம்மா வள்ளிமயில் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இது என்னதும்மா?"

"என் டம்ளர்ம்மா. இத யாரும் எடுக்க வேண்டாம். நானே கழுவிக்கிடுதேன்."

"எங்கய்யாவுக்கு ரோட்டுமுக்கு டீக்கடையில தனி கிளாஸ் வச்சிருந்தானுவ. அவரே குடிச்சு, அவரே கழுவி, அவரே கவுத்து வச்சிட்டு வரணும். ஒரு நாள் அந்த கிளாஸத் தூக்கி ரோட்டுல போட்டு ஒடைச்சாரு. அதுக்கு வாங்குன அடியில கடைசி வரைக்கும் ஒரு தோளு எறங்கியேதான் இருந்துச்சு." அம்மா குரலை உயர்த்தவில்லை. "இப்ப எஞ் சமையக்கட்டுல எம் மகளுக்குத் தனி டம்ளர் வைக்கச் சொல்லுத."

"இது அது இல்லம்மா. அங்க உங்க மேல அழுக்குன்னு சொன்னானுவ, பொய்யி. இங்க நெசமாவே நாந்தான் ஆகாதவ."

"எல்லாவனும் ஒரு காரணம் வச்சிருப்பான்."

சுடர்க்கொடி மறுபடி முதலிலிருந்து விளக்கினாள். அடுப்படிச் சுவரில் விரலால் வயிறு வரைந்து காட்டினாள். அம்மா தலையை ஆட்டினாள். புரிந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள்.

பிள்ளை பிறந்தது. பெண். அரசு ஆஸ்பத்திரியில் நர்சம்மா, தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது என்று மிரட்டி அனுப்பினாள். எல்லாரும் சரி சரி என்றுவிட்டு வீட்டுக்கு வந்ததும் சேனைக்கு ஏற்பாடு செய்தார்கள். சுடர்க்கொடி முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு அறை வாசலிலேயே நின்றாள். கோமதி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"உள்ள வந்து மொகத்தையாவது பாக்கலாம்ல?"

"இங்கேருந்தே தெரியுதுக்கா. உன் மூக்கு."

"எம் மூக்குதான் வரும். வேற யாரோடது வரும்?" என்றாள் கோமதி.

அம்மா அடுப்படியிலிருந்து ஒரு சின்னக் கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்தாள். தன் விரலைத் தோய்த்துப் பிள்ளையின் நாக்கில் வைத்தாள். பிள்ளை சப்புக்கொட்டியது. எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவின் விரல்தான், தன் விரல் இல்லை என்று சுடர்க்கொடிக்கு மூச்சு வந்தது. மாத்திரை தீர்வதற்குள் விமானம் ஏறினாள். கடைசி வரை பிள்ளையைத் தொடவில்லை.

ஹெல்மாருக்கு வந்து சில வாரங்களில் செய்தி வரத் தொடங்கியது. பிள்ளை பால் குடித்ததும் கக்குகிறாள். வயிறு உப்பிக்கொள்கிறது. எடை ஏறவில்லை. பிறகு, எடை இறங்குகிறது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். தாய்ப்பால் சேரவில்லை என்று ஒருவர் சொன்னார்; இன்னொருவர் பரிசோதனை எல்லாம் எடுத்துவிட்டு, குடலில் இருக்க வேண்டிய கிருமி எதுவும் இல்லை, ஏன் என்று தெரியவில்லை என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் சுடர்க்கொடி படித்துக்கொண்டிருந்ததை மூடி வைத்தாள்.

"போனை அம்மாகிட்ட குடு," என்றாள் கோமதியிடம். அம்மா வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "சேனைக்குத் தண்ணி எதுலேருந்தும்மா எடுத்த?"

அந்தப் பக்கம் தெருவில் ஏதோ வண்டி போனது மட்டும் கேட்டது.

"அம்மா."

"நீ குடிச்சு மீதி வச்சிருந்தியே, அந்த டம்ளர்லேருந்துதான். அதக் கிண்ணத்துல ஊத்திச் சர்க்கரையக் கரைச்சேன்." அம்மாவின் குரல் திடமாகத்தான் இருந்தது. "அக்கா ஆசைப்பட்டா. நீ தொட மாட்டேன்னுட்ட. நீ வாய் வச்ச தண்ணியாவது நாக்குல படட்டும்னு நெனச்சேன். எம் பொண்ணு எச்சி எம் பேத்திக்கு ஆகாதுன்னு எந்தச் சீமைக்காரன் சொன்னாலும் நான் எப்படிம்மா நம்புவேன்?"

சுடர்க்கொடி அம்மாவைத் திட்டவில்லை. திட்டினால் அது டீக்கடைக்காரன் பேச்சு மாதிரிதான் அங்கே போய்ச் சேரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

வேலுவைச் சமையலறையில் பிடித்தாள். அவன் கேட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"கழற்றுற மருந்தக் கேட்டு வாங்க முடியாதா?"

"பச்சக்கொழந்த அந்த மருந்தத் தாங்காதுங்க. தாங்கற வயசு வந்தாலும் தர மாட்டாங்க. தீவு வழியா உள்ள வந்தவங்களுக்குத்தான் கழட்டி விடுவாங்க. உங்க அக்கா புள்ள எப்ப உள்ள வந்துச்சு?"

"நடந்ததச் சொன்னா? மனுசங்கதான, கேக்க மாட்டாங்களா?"

"கேப்பாங்க. உங்களத்தான். இவங்க சரக்க வெளிநாட்டு ஒடம்புல பரப்புனதுக்கு உங்கள முதல்ல வெளிய அனுப்புவாங்க. நீங்களும் போயிட்டா அந்தச் சர்க்கரை அந்தக் கொழந்தைக்கு எங்கிருந்துங்க வரும்?"

"கடையில?"

"விக்கறதில்லீங்க. நான் விசாரிச்சுப் பாத்திருக்கேன். ரொட்டிக்குள்ள மட்டுந்தான்."

அவள் மேசைமேல் கிடந்த ரொட்டியைப் பார்த்தாள். நோயாளிகளுக்காக உப்பில்லாமல் செய்கிற ஒரு வகை ரொட்டி விடுதி உணவுக்கூடத்தில் தினமும் கிடைக்கும். யாரும் அதைத் தொடுவதில்லை.

"அது தண்ணியில கரையுமாண்ணே?"

"கரையும்."

"கொதிச்சாக் கெடுமா?"

"கருகிரும். ஏனுங்?"

அன்றைக்கு அவள் வகுப்புக்குப் போகவில்லை. ரொட்டியிலிருந்து அந்தச் சர்க்கரையைப் பிரிக்கும் முதல் முயற்சியில் கஞ்சிதான் கிடைத்தது. இரண்டாவது கருகியது. அதற்கடுத்து வந்த பொடியை வேலு ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போய், அந்தக் கிருமிகள் பட்டினி கிடந்த ஒரு குழாயில் போட்டான். தெளிந்திருந்த தண்ணீர் கலங்கியது. கிருமிகள் தின்று பெருகின. "சோறு சேருதுங்க," என்று செய்தி அனுப்பினான்.

முதல் பொட்டலம் ஊருக்குப் போன ஒரு மதுரைப் பெண்ணின் பையில் போனது. கொஞ்ச நாள் ஊரிலிருந்து ஒரு பேச்சும் இல்லை. பிறகு கோமதி கூப்பிட்டாள். சேனை வைத்த நாளுக்குப் பிறகு தங்கையிடம் அவள் முகம் கொடுத்துப் பேசியது அன்றைக்குத்தான்.

"இன்னைக்குக் குடிச்ச பாலக் கக்கலட்டி. ஒறங்குதா. இத எத்தன நாளைக்கு ஊத்தணும்?"

"அவ இருக்கிற வரைக்கும்க்கா."

"நீ படிச்சு முடிச்சிட்டு வரும்போது மொத்தமாக் கொண்டாந்துருவியா?"

"ரொம்ப நாள் வச்சா அது கெட்டுப்போகும்."

கோமதி அதற்கு மேல் கேட்கவில்லை. பின்னால் அப்பா யாரிடமோ, சின்னவள் வந்து நம்ம தெருக்குழாயைச் சரிபண்ணிருவாள் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. யாரும் அவரைத் திருத்தவில்லை.

செய்முறை இதுதான். உப்பில்லாத ரொட்டியைப் பிய்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு, மெல்லிய துணியில் பிழிந்து வடிகட்ட வேண்டும். மாவு அடியில் தங்கியதும் மேல்தண்ணீரை அகலமான தட்டில் இறுத்து, கொதிக்க விடாமல், சூடாக்கியின் மேல் வைத்து உலர்த்த வேண்டும். தட்டில் ஒட்டும் வெள்ளைப் பொடியைச் சுரண்டி, காற்றுப் புகாமல் கட்டி அனுப்ப வேண்டும். குழந்தைக்குப் பாலில் காலை ஒரு சிட்டிகை, மாலை ஒரு சிட்டிகை. அந்த ரொட்டி ஹெல்மாரில் மட்டும்தான் கிடைக்கும். ஆகவே சுடர்க்கொடி ஹெல்மாரிலேயே இருக்க வேண்டும்.